ஒரு வாசலில் மட்டும் நின்ற வண்டி

நம் தண்ணீர் கம்பெனியின் சந்தாப் பிரிவுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, உங்கள் வீட்டுக்குச் சம்பளம் எந்த நாளில் வரும் என்பதைத்தான். படிப்பு, மதிப்பெண், கணினி எல்லாம் நேர்காணலிலேயே கேட்டு முடித்திருப்பார்கள். என் கேள்விக்குச் சிலர் சிரிப்பார்கள். சிலர் சட்டென்று ஒன்றாம் தேதி என்பார்கள். ஒன்றிரண்டு பேர் பதில் சொல்லாமல் மேசையைப் பார்ப்பார்கள். அவர்களிடம் நான் மேற்கொண்டு கேட்பதில்லை. தேநீர் நேரத்தில் தனியாகக் கூப்பிட்டு, இப்போது உங்களுக்கு எழுதுவதை அவர்களிடம் சொல்வேன்.

அடுத்த மாதம் நான் விருதுநகர் அலுவலகத்தை விட்டுத் தூத்துக்குடிக் கிளைக்குப் போகிறேன். மென்பொருளை எப்படித் திறப்பது, சந்தாதாரரை எப்படிச் சேர்ப்பது என்பதையெல்லாம் வேறொருவர் சொல்லித் தருவார். அது ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும். நான் சொல்ல வேண்டியது, நினைத்தால் இன்றும் எனக்கு முகம் சுடுகிற ஒரு விஷயம். அதை உங்களுக்குச் சொல்லாமல் போனால் நீங்களும் அதே இடத்தில் போய் விழுவீர்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மாதச் சந்தா என்ற ஏற்பாட்டை நான் இன்றும் முழு மனதோடு நம்புகிறேன். அது வருவதற்கு முன்பு நம் தண்ணீர் கேன் வியாபாரம் எப்படி நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது. காலையில் எத்தனை கேன் நிரப்புவது என்று முதலாளி அண்ணாச்சிக்கே தெரியாது. சித்திரை வெயிலில் ஊரே ஒரே நேரத்தில் போன் செய்யும். ஐப்பசி மழையில் நிரப்பிய கேன்கள் அப்படியே கிடக்கும். டிரைவர்கள் சட்டைப் பையில் சில்லறையோடு அலைவார்கள். போன தடவையே கொடுத்துவிட்டேன் என்று வீட்டில் சொல்வார்கள், வாங்கவில்லை என்று டிரைவர் சொல்வார். தெருவில் சத்தம் போட்டுவிட்டு இருவரும் கசப்போடு பிரிவார்கள்.

சந்தா வந்ததும் அது மாறியது. சூலக்கரையில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் குடியிருக்கும் அரசு ஊழியர்களிடம்தான் முதலில் தொடங்கினோம். கணவன் மனைவி இருவரும் காலையில் வேலைக்குப் போய்விடுகிற வீடுகள். கேன்காரனுக்காக யாரும் வீட்டில் இருக்க முடியாது. மாதம் ஐந்தாம் தேதி அவர்கள் வங்கிக் கணக்கிலிருந்து பணம் தானாக வந்துவிடும். காலி கேனை வாசலில் வைத்துவிட்டுப் போனால், திரும்பி வரும்போது நிறைந்த கேன் இருக்கும். கோடையில் வெளியே விலை ஏறினாலும் சந்தாதாரருக்கு ஏறாது. அங்கே ஒரு பெண்மணி என்னிடம், தண்ணீர் இருக்கிறதா என்று யோசிப்பதையே விட்டுவிட்டேன் என்றார். எனக்கு அதைவிடப் பெரிய பாராட்டு வேண்டியிருக்கவில்லை. நமக்கும் நல்லதுதான். இத்தனை வீடு நிச்சயம் என்று காட்ட முடிந்ததால்தான் இரண்டாவது சுத்திகரிப்பு இயந்திரத்துக்கு வங்கி கடன் கொடுத்தது. டிரைவர்கள் பணத்தைத் தொட வேண்டியிருக்கவில்லை. சண்டை நின்றது.

அங்கேயே ஒரு சின்னப் பாடமும் கிடைத்தது. சந்தாவை நிறுத்த வேண்டும் என்று ஒரு பெரியவர் போன் செய்தார். நிறுத்துகிறவர்களிடம் காரணம் கேட்க வேண்டும், சலுகை சொல்ல வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். நான் கேட்டேன். அவர் மழுப்பினார். நான் அடுத்த மாதத்துக்குத் தள்ளுபடி தருகிறேன் என்றேன். "வீட்ல ஆள் இல்லம்மா. அவ போயிட்டா. நான் மகன் வீட்டுக்குப் போறேன்" என்றார். அன்றிலிருந்து, நிறுத்துங்கள் என்று யார் சொன்னாலும் நிறுத்திவிட்டு நன்றி சொல்வது என்று வைத்துக்கொண்டேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். சுலபமாக வெளியே போக முடிகிறவர்கள்தான் திரும்ப வருவார்கள்.

இனி நாரணாபுரத்துக்கு வருகிறேன்.

அது என் ஊர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்தவளும் நான்தான், கல்லூரி வாசலை மிதித்தவளும் நான்தான். அப்பா நான் சிறுபிள்ளையாக இருக்கும்போதே இறந்துவிட்டார். அம்மா பட்டாசு கம்பெனியில் சரம் பின்னுகிறாள். அவளுக்குக் கைநாட்டுதான். இதை இன்று உங்களுக்கு ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். அப்போது விருதுநகர் அலுவலகத்தில் ஒருவருக்கும் இது தெரியாது. நான் ஊரை விட்டுப் பெண்கள் விடுதியில் தங்கியிருந்தேன். அலுவலகத்தில் பக்கத்து நாற்காலியில் இருந்தவள், என் அப்பா சிவகாசியில் ஏதோ பிரஸ்ஸில் கணக்கெழுதியவர் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். நான் அப்படிச் சொல்லவில்லை. அவள் சொன்னபோது இல்லை என்றும் சொல்லவில்லை.

சூலக்கரையில் நன்றாக நடந்ததும் சிவகாசிப் பக்கத்துக் கிராமங்களுக்கும் சந்தாவைக் கொண்டுபோகலாம் என்று பேச்சு வந்தது. எல்லாரும் அண்ணாச்சியின் அறையில் உட்கார்ந்திருந்தோம். மென்பொருள் பார்க்கிறவர், எல்லா ஊருக்கும் ஐந்தாம் தேதி என்று ஒரே தேதியாக இருந்தால்தான் கணக்குச் சுலபம் என்றார். அண்ணாச்சி உடனே தலையாட்டவில்லை. தொழிலாளிகள் இருக்கிற ஊராச்சே என்று தயங்கினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீ அந்தப் பக்கம்தானம்மா? என்ன சொல்ற, அவுகளுக்கு அஞ்சாம் தேதி தோதா இருக்குமா?"

சனிக்கிழமை சாயங்காலம் கூலி. ஞாயிற்றுக்கிழமை கறி. வியாழன், வெள்ளியில் கடையில் சொல்லி வாங்குவது. அடுத்த சனிக்கிழமை அதை அடைப்பது. நான் இந்தச் சக்கரத்துக்குள்தான் வளர்ந்தேன். எங்கள் தெருவில் மாதத் தேதி என்ற ஒன்றை யாரும் பார்ப்பதே இல்லை, கிழமைதான். அது எனக்குத் தெரிந்த அளவுக்கு அந்த அறையில் வேறு யாருக்கும் தெரியாது. ஒரு வாக்கியம் போதும். எங்களுக்குச் சனிக்கிழமைதான் கூலி, அண்ணாச்சி. ஆனால் அதைச் சொன்னால் அந்த 'எங்களுக்கு' என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பக்கத்து நாற்காலிக்காரி திரும்பிப் பார்ப்பாள்.

"அதெல்லாம் சரியா வரும் அண்ணாச்சி. இப்ப எல்லாருமே பேங்க்லதான் போட்டு எடுக்காங்க" என்றேன்.

இதை நான் தவறான கணிப்பு என்று உங்களிடம் சொல்லித் தப்பிக்க மாட்டேன். எனக்கு நன்றாகத் தெரியும். வெட்கப்பட்டு மறைத்தேன்.

ஆவணியில் தொடங்கினோம். பட்டாசுக்கு அது உச்ச சீசன். பட்டாசு செய்கிற எல்லா யூனிட்டும் ஓடும், கூடுதல் வேலையும் கிடைக்கும். வாராவாரம் கையில் கொஞ்சம் மிஞ்சும். எங்கள் தெருவில் ஆள் சேர்க்க எனக்குப் பேச்சே தேவைப்படவில்லை. அம்மாவே முன்னால் நடந்தாள். ஒவ்வொரு வீட்டிலும் என்னைக் கதவருகே நிறுத்திவிட்டு, "எம் மக ஆபீஸ்ல போட்ட திட்டம். காசுன்னு கேட்டு யாரும் வாசல்ல வந்து நிக்க மாட்டாக" என்று சொன்னாள். அந்த வாக்கியத்தை அவளுக்கு நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். குழுக் கடன் வசூலுக்கு ஆள் வந்து வாசலில் உட்காருவதைப் பார்த்துப் பழகிய தெரு அது. அதனால் அந்த ஒரு வாக்கியமே வேலையை முடித்தது.

அடுத்த வீட்டுப் பேச்சி அத்தை அம்மாவோடு ஒரே கம்பெனியில், ஒரே அறையில் உட்கார்ந்து சரம் பின்னுகிறவள். கேலி இல்லாமல் அவளுக்கு வாய் திறக்காது.

"ஏத்தா, ஆபீஸ்காரி. எங்க ரூவாய நீகளே எடுத்துக்கிட்டு, எங்களுக்கே தண்ணி தருவீக. நல்ல யாவாரமால்ல இருக்கு" என்றாள். சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே போனை என் கையில் கொடுத்தாள். ரகசிய எண்ணை நீங்களே போடுங்கள் என்று நான் திருப்பிக் கொடுத்தேன். அவள் வாங்கவில்லை. எண்ணைத் தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். "நீயே போடு புள்ள. ஒனக்குத் தெரியாம எங்கிட்ட என்ன இருக்கு?"

அன்று பெரும்பாலான வீடுகளில் நானேதான் எல்லாவற்றையும் அழுத்திக் கொடுத்தேன். எப்படி நிறுத்துவது என்று ஒருவருக்கும் காட்டவில்லை. நிறுத்துவார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

சீசன் முழுவதும் ஐந்தாம் தேதி வந்தால் பணம் ஒழுங்காக வந்தது. நம் வண்டிகள் போகிற தடங்களிலேயே நாரணாபுரம் தடம்தான் சிறந்தது என்றார்கள். தீபாவளிக்கு முன்பு அலுவலகத்தில் எல்லார் முன்னிலையிலும் அண்ணாச்சி, இந்தப் பிள்ளை ஒரு ஊரையே கொண்டுவந்து சேர்த்துவிட்டது என்றார். கை தட்டினார்கள். நான் சொன்ன பதில் சரியாகத்தானே இருந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த வட்டாரத்தில் சீசனில் எந்தத் திட்டமும் ஓடும். சீசன் கணக்கைக் காட்டி யாராவது திட்டம் நன்றாக இருக்கிறது என்று சொன்னால் நம்பாதீர்கள். அதைச் சொல்கிறவர் நீங்களாகவே இருந்தாலும் நம்பாதீர்கள்.

இன்னொன்றும் நான் செய்திருந்தேன். பணம் வராத வீட்டில் கேன் இறக்கக் கூடாது என்பது விதி. டிரைவர் யாரோடும் வாதாட வேண்டாம் என்பதற்காக, அவர் போனில் ஒவ்வொரு வீட்டுக்கும் எதிரே ஒரு நிறம் தெரியும்படி மென்பொருள்காரரிடம் கேட்டு வாங்கினேன். பணம் வந்த வீடு பச்சை. வராத வீடு சிவப்பு. பச்சையில் வண்டி நிற்க வேண்டும். சிவப்பில் நிற்கக் கூடாது. அதைப் புத்திசாலித்தனம் என்று நினைத்தேன்.

தீபாவளி முடிந்ததும் யூனிட்டுகளை மூடிவிடுவார்கள். மறுபடி பூஜை போட்டுத் திறக்கும் வரை கூலி கிடையாது. போனஸ் வந்த வேகத்திலேயே துணிக்கும் பழைய கடனுக்கும் போயிருக்கும். எங்கள் ஊரில் இது யாரும் சொல்லித் தெரிந்துகொள்கிற விஷயமில்லை. எனக்கும் தெரியும். அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் அரிசி எந்த அளவுக்கு இறங்கும் என்பது வரை தெரியும்.

ஐந்தாம் தேதி வந்தது. திரையில் நாரணாபுரம் தடம் ஏறக்குறைய மேலிருந்து கீழ் வரை சிவப்பாக இருந்தது. கோளாறாக இருக்கும் என்று முதலில் நினைத்தேன். மென்பொருள்காரர் பார்த்துவிட்டுக் கோளாறில்லை என்றார். அப்போதாவது நான் ஊருக்குக் கிளம்பியிருக்க வேண்டும். எல்லாருக்கும் ஒரு நினைவூட்டல் குறுஞ்செய்தி அனுப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தேன். படிக்கத் தெரியாதவர்களுக்குக் குறுஞ்செய்தி.

சில நாள் கழித்து டிரைவர் ஒரு விசித்திரமான தகவல் சொன்னார். எங்கள் தெருவில் இப்போது ஒரு வாசலில்கூடக் காலி கேன் வைப்பதில்லையாம். வேறு கம்பெனி உள்ளே புகுந்துவிட்டது, விலையைக் குறைத்திருப்பான் என்று அண்ணாச்சி கவலைப்பட்டார். எனக்கும் அது வசதியான காரணமாக இருந்தது. ஆனால் அந்தத் தெருவில் ஒரே ஒரு வீடு பச்சையாக இருந்தது. எங்கள் வீடு. அதற்கு என் சம்பளக் கணக்கிலிருந்து பணம் போய்க்கொண்டிருந்தது. அந்த வீட்டிலும் கேன் வாங்கவில்லை என்று திரை காட்டியது. அம்மா உடம்புக்கு முடியாமல் படுத்திருக்கிறாளோ என்று பயந்து போன் செய்தேன்.

உடம்புக்கு ஒன்றுமில்லை, இங்கேதான் இருக்கிறேன் என்றாள். பிறகு ஏன் வாங்கவில்லை, தண்ணீர் நன்றாக இல்லையா என்று கேட்டேன். தண்ணீர் நன்றாகத்தான் இருந்தது என்றாள். மேற்கொண்டு கேட்டதற்கு, அடுப்பில் சோறு இருக்கிறது என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் விடுப்புப் போட்டுவிட்டு நம் சிவகாசி கேன் டெப்போவுக்குப் போய், நாரணாபுரம் வண்டியில் டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். ஊர் எல்லை வந்த பிறகு அவர் தானாகவே சொன்னார்.

"கோவிச்சுக்கிடாதீக. அன்னைக்கு அஞ்சாந்தேதி தாண்டி வந்தேன்லா, எல்லா வாசல்லயும் கேன வச்சுக்கிட்டு நின்னாக. போனப் பாத்தா எல்லாம் செகப்பு. நானும் ஒவ்வொரு வீடா, ஒங்களுக்கு இல்லக்கா, ஒங்களுக்கு இல்லக்கான்னு சொல்லிக்கிட்டே வாறேன். ஒங்க வீட்டுக்கு வந்தா பச்ச. நிறுத்துனேன். எறக்குனேன். தெருவே நின்னு பாக்குது. ஒங்க அம்மா என்னையப் பாக்கல, தரையப் பாத்துக்கிட்டு நின்னாக."

அதற்கு அடுத்த நடையில் ஒரு வாசலிலும் கேன் இல்லை. இல்லை என்ற சொல்லை இன்னொரு முறை தெருவில் வைத்துக் கேட்க வேண்டாம் என்று எல்லாரும் காலி கேன்களை வீட்டுக்குள் எடுத்துவிட்டார்கள். எங்கள் வாசலில் வண்டியை நிறுத்தியபோது அம்மா உள்ளேயிருந்தே, எடுத்துக்கொண்டு போய்யா என்று சொல்லிவிட்டாள்.

வண்டி தெருவுக்குள் திரும்பியது. இரண்டு மூன்று கதவுகள் மெல்லச் சாத்திக்கொண்டதை நான் பார்த்தேன். பேச்சி அத்தை குழாயடியிலிருந்து குடத்தோடு வந்துகொண்டிருந்தாள். வண்டியைக் கண்டதும் பக்கத்துச் சந்துக்குள் திரும்பிவிட்டாள். அந்த வழியாகப் போனால் அவள் வீட்டுக்குச் சுற்று.

அம்மா குழாய்த் தண்ணீரைக் காய்ச்சிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சாப்பிட்டாயா என்று கேட்டாள். நான் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"ஒனக்கு ஆபீஸ்ல கெட்ட பேரு ஆயிரக் கூடாதுன்னுதான். அங்கன கைதட்டுனாகன்னு சொன்னேல்ல."

"அதுக்காக நீ ஏம்மா கேன வேண்டாங்கிற? நம்ம வீட்டுக்குத்தான் பணம் கட்டியாச்சே?"

அவள் அடுப்பைத் தணித்தாள். தணித்துவிட்டு என் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"தெருவுல நம்ம வாசல்ல மட்டும் வண்டி நிக்குது. அந்தத் தண்ணி எனக்கு எப்படி எறங்கும்? வீடு வீடாப் போயி நான்தான சொன்னேன், யாரும் வந்து கேக்க மாட்டாகன்னு. கேட்டிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும். ஒரு மனுசன் வந்து கேட்டான்னா, கம்பெனி தெறக்கட்டும்யா, தாறேன்னு சொல்லிக்கிடலாம். கேக்காமயேல்ல போயிட்டான்."

காய்ச்சிய தண்ணீரை இறக்கி வைத்துவிட்டு அவளே கேட்டாள். அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"நமக்குச் சனிக்கெழமைதான கூலி. அத அவுகட்ட நீ சொல்லலையா?"

"மறந்துட்டேம்மா."

"சரி விடு. அம்புட்டு வேலைக்கு நடுவுல மறந்துருப்ப" என்றாள்.

இந்தப் பிரிவில் எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். அவை எதுவும் எனக்கு ஞாபகமில்லை. அம்மா அந்தப் பொய்யை அப்படியே எடுத்துக்கொண்டு எனக்காகக் காரணமும் சொன்னது மட்டும் போகவில்லை.

அடுத்த நாள் அலுவலகத்தில், வேறு கம்பெனி யாரும் வரவில்லை என்று சொன்னேன். பிறகு அன்று விழுங்கியதைச் சொன்னேன். என் அம்மா பட்டாசு கம்பெனியில் சரம் பின்னுகிறாள், எங்களுக்குச் சனிக்கிழமைதான் கூலி, தீபாவளி முடிந்து பூஜை போடும் வரை அதுவும் இல்லை, இது எனக்கு அன்றைக்கே தெரியும். பக்கத்து நாற்காலிக்காரி திரும்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் தள்ளி வைத்தாள். அவ்வளவுதான். இதற்கா அத்தனை பயந்தோம் என்று இருந்தது.

அண்ணாச்சி பேனாவை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தார்.

"அன்னைக்கு நான் ஒன்னையத்தானம்மா கேட்டேன்" என்றார்.

என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். உடனே வேலையைப் பேசத் தொடங்கினார். அவர் வியாபாரி. கேன் போகாவிட்டால் இயந்திரம் சும்மா நிற்கும் என்பதுதான் அவருடைய முதல் கவலை. அந்தக் கவலையிலிருந்துதான் நீங்கள் இன்று பார்க்கிற ஏற்பாடு வந்தது. தொழிலாளர் ஊர்களில் மாதச் சந்தா கிடையாது, வாரச் சந்தா. ஞாயிற்றுக்கிழமை காலையில் பிடித்தம். யூனிட்டுகள் மூடியிருக்கும் காலத்தில் பிடித்தம் தானாக நிற்கும், தண்ணீர் நிற்காது. திறந்த பிறகு சிறுகச் சிறுகச் சேர்த்துக்கொள்வோம். டிரைவர் போனில் நிறம் கிடையாது. யார் வீட்டில் பணம் வரவில்லை என்பது இந்த அறைக்குள் இருக்கிற நமக்கு மட்டும் தெரிந்தால் போதும். ஒரு வீட்டில் பணம் தவறினால் நாம் போன் செய்து பேச வேண்டும். குறுஞ்செய்தி அனுப்பக் கூடாது. பேசினால் அவர்களுக்குப் பதில் சொல்ல ஒரு வழி இருக்கும்.

இத்தனை விதிகள் எதற்கு என்று உங்களில் யாராவது கேட்பீர்கள். பணம் தானாக வருவதுதான் சந்தாவின் நன்மை. வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் தினமும் ஒரு யோசனை மிச்சம். ஆனால் தானாக வருகிற ஒன்று நின்றால், அதுவும் தானாகவே நின்றுவிடுகிறது. அந்த இடத்தில் ஒரு மனிதர் இருக்க வேண்டும். அந்த வேலைக்குத்தான் உங்களை எடுத்திருக்கிறார்கள்.

யூனிட்டுகள் திறந்த பிறகு மறுபடி எங்கள் தெருவுக்குப் போனேன். இந்த முறை அம்மாவைக் கூப்பிடவில்லை. ஒவ்வொரு வீட்டிலும், தேதி வைத்தது நான், தெரிந்தேதான் வைத்தேன் என்று சொன்னேன். சிலர் நன்றாக ஏசினார்கள். ஏசியவர்கள் அந்த வாரமே சேர்ந்துகொண்டார்கள். போனில் எப்படி நிறுத்துவது என்று முதலில் காட்டிவிட்டு, பிறகு சேர்த்தேன்.

பேச்சி அத்தை ஏசவில்லை. கேலியும் செய்யவில்லை. உட்காரச் சொல்லி, காப்பி போட்டுக் கொடுத்தாள். நான் பேசி முடிக்கும் வரை முந்தானையைத் திருகிக்கொண்டே கேட்டாள்.

"கொழாத் தண்ணி பழகிப்போச்சுத்தா. போன்ல நீ போட்டு வச்சத மட்டும் எடுத்து விட்ரு" என்றாள்.

எடுத்துவிட்டேன். போயிருச்சா என்று கேட்டாள். போய்விட்டது என்றேன். ரகசிய எண்ணை அன்று தெருவில் சத்தமாகச் சொல்லிவிட்டீர்கள், அதையும் மாற்றித் தருகிறேன் என்று கை நீட்டினேன். அவள் போனைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இருக்கட்டும். மருமகன் வருவாரு, அவரு மாத்தித் தருவாரு" என்றாள். சொல்லிவிட்டு, நான் வருத்தப்படக் கூடாது என்று நினைத்தோ என்னவோ, இன்னும் கொஞ்சம் காப்பி ஊற்றட்டுமா என்று கேட்டாள்.

இப்போது எங்கள் தெருவில் வண்டி ஏறக்குறைய எல்லா வாசலிலும் நிற்கிறது. பேச்சி அத்தையைப் போல அம்மாவும் இன்னும் கேன் வாங்குவதில்லை. ஊருக்குப் போகும்போதெல்லாம் கேட்பேன். ஒரே பதில்தான்.

"பேச்சி வாங்கட்டும். நானும் வாங்கிக்கிடுறேன்."

நீங்கள் என் நாற்காலியில் உட்கார்ந்து நாரணாபுரம் தடத்தைத் திறந்தால், நிறைந்த ஒரு தெருவில் அடுத்தடுத்து இரண்டு வீடுகள் காலியாக இருக்கும். விற்பனைப் பிரிவிலிருந்து யாராவது வந்து, அந்த இரண்டையும் பேசிப் பிடித்துவிடலாமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எப்போதாவது அங்கிருந்து அவர்களாகவே போன் செய்தால், என்ன ஏது என்று கேட்காதீர்கள். அன்றைக்கே வண்டியை அனுப்புங்கள். முதல் கேனைப் பேச்சி அத்தை வீட்டில் இறக்கச் சொல்லுங்கள்.